பாத்திரத்தைத் துரத்திய நாத்தனார்

திரைச்சீலைக் கடையின் மாடியில் தைக்கிறவளுக்கு வருஷம் முழுக்க ஜன்னலில் தெரிவது பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். நிமிர்ந்தால் சுவர், குனிந்தால் துணி. வருஷத்துக்கு ஒருமுறை கணவனோடு தெற்கே போய், காட்டுக்குள் ஓடும் ஆற்றில் துடுப்புப் போட்டு, கரையில் கூடாரம் அடித்துத் தங்கி வந்தால்தான் அவளுக்கு மூச்சு சீராகும்.

இந்த முறை கணவன் ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டான்.

"நான் வரேன் அண்ணி" என்று பையைத் தூக்கினாள் அவன் தங்கை. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. அங்கே வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர். திறந்த வாயை மூடாதது இவள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை.

முதல் நாள் முழுக்க, "அண்ணி, வலது பக்கம்! அண்ணி, மெதுவா!" என்று படகின் முன்னாலிருந்து அதிகாரம் பறந்தது. தண்ணீர்மேல் கவிந்திருந்த மரங்களிலிருந்து பறவைகள்கூட எழுந்து பறந்தன.

மறுநாள் காலை தையல்காரி சுள்ளி பொறுக்கிவிட்டுத் திரும்பினால், கூடாரம் அடித்திருந்த மணல்திட்டு பாதியாகியிருந்தது. மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். படகைக் காணோம். நாத்தனாரையும் காணோம்.

அவள் கூடாரக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, கரையோரப் புதரைக் கிழித்தபடி ஓடினாள். "எங்கடி இருக்கே!" இத்தனை வருஷத்தில் அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

"இங்க, அண்ணி!"

வளைவுக்கு அப்பால், ஆற்றில் சாய்ந்து கிடந்த மரத்தில் படகு சிக்கி ஒருக்களித்திருந்தது. எடுத்துப்போன துடுப்பு போன இடம் தெரியவில்லை. நாத்தனார் படகில் உட்கார்ந்தபடியே கிளை ஒன்றைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

கயிற்றின் ஒரு நுனியைக் கரைமரத்தில் கட்டி, மறுநுனியை வீசினாள் தையல்காரி. இரண்டு தரம் தண்ணீரில் விழுந்தது. மூன்றாம் முறை நாத்தனார் மடியில் விழுந்தது.

"இடுப்புல கட்டிக்கிட்டுக் கிளையை விடு!"

"விடமாட்டேன்!"

"நான் பிடிச்சிருக்கேன்ல? விடு!"

விட்டாள். படகு புரண்டது. கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்தவளை, உள்ளங்கை எரிய எரிய இழுத்துக் கரையில் போட்டாள் அண்ணி. இருவரும் சேற்றில் அப்படியே கிடந்தார்கள். இருமல் அடங்கியதும் நாத்தனார் சொன்னாள்: "நம்ம சோத்துப் பாத்திரம் மிதந்து போச்சு. அதைப் பிடிக்கத்தான் போனேன்."

"பாத்திரத்துக்கா?"

"புதுசு அண்ணி அது!"

தையல்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது, கூடவே அழுகையும். நாத்தனாரை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"ஊர் போனதும் முதல் வேலையே அதுதான்."

பிறகு இருவருமாகக் கயிறு போட்டுப் படகை மீட்டு, தண்ணீரைக் கொட்டினார்கள். கூடாரத்தில் மீந்திருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். கரையில் மிச்சமிருந்த ஒற்றைத் துடுப்பை மாறி மாறிப் போட்டு, வெயில் ஏற ஏற ஆற்றோடு இறங்கினார்கள்.