ஈர்க்குச்சியால் அளந்த வண்டி

அக்காவுக்கு வெளியே போவது பிடிக்காது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணம் என்றால் "எனக்குக் கூட்டம் ஆகாது" என்பார். கோயில் உற்சவம் என்றால் "நீங்கள்ளாம் போய்ட்டு வாங்கோ, வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டாமா?" என்பார். கடற்கரை என்றால் மணல் ஒட்டும் என்பார். அத்தையின் சுபாவமே அதுதான் என்று என் பிள்ளைகள் அறிந்து வளர்ந்தார்கள். அதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் மூத்த சகோதரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரமனையில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில், இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்கும் இந்த வீட்டுக்கு நான் வந்தபோது அக்கா அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். என் மகன் பிறந்த ஆண்டில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தார். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. மடக்க முடியாத சக்கர நாற்காலி ஒன்று வீட்டுக்கு வந்தது. சிறிது காலம் அழுதார் என்று நினைக்கிறேன். நாங்கள் பார்க்கும்படி அழவில்லை. பிறகு ஆசாரியை வரவழைத்து, பலாமரத்தில் ஒரு பலகை இழைக்கச் சொன்னார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே அந்தப் பலகையைப் பாலம் போல வைத்து, கைகளை ஊன்றி, உடம்பை நகர்த்தி, தானே மாறிக்கொள்வார். வீட்டுக்குள் அவரை யாரும் தொட்டுத் தூக்க வேண்டியிருந்ததில்லை.

வண்டி விஷயம் வேறு. எங்களிடம் இருந்தது ஒரு பழைய சின்ன கார். அதன் இருக்கை தாழ்வு, கதவு குறுகல். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள்களில் என் கணவரும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கமாக அக்காவைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். நாற்காலியைக் கூரைமேல் கயிற்றால் கட்டுவார்கள். அதற்குள் தெருவில் நாலு வாசல்களில் ஆள்கள் வந்து நிற்பார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அக்கா கண்களை மூடிக்கொண்டு, புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "விதுரா போற வழியிலே ஒரு ஹோம் இருக்காக்கும். நான் விசாரிச்சாச்சு. அங்கே போய் இருக்கலாம்னு நினைக்கிறேன்."

அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்த என் மகள்தான் தன் பள்ளி மலையாளத்தில் கேட்டாள்.

"அத்தே, அங்க எந்தா இத்ர ஸ்பெஷல்?"

"வண்டி இருக்குடீ."

"வண்டியா?"

"வேன். பின்னாலே கதவைத் திறந்தா ஒரு தட்டு இறங்கும். சேரோட அதுமேலே ஏறினா, தானே மேலே போகும். ஒருத்தர் கை படாது. மாசத்துக்கு ரெண்டு தரம் எங்கேயாவது கூட்டிண்டு போறாளாம். போன மாசம் பொன்முடி அடிவாரம் வரைக்கும் போய்ட்டு வந்தாளாம்."

அதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் இருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்த சிறுமியின் முகம் அது. வெளியே போவது பிடிக்காத ஒருவருக்கு அப்படி ஒரு முகம் வராது.

கை கழுவிவிட்டு வந்து என் கணவர் கேட்டார்: "அக்கா, நாம வேற வண்டி வாங்கினா இங்கேயே இருப்பயோ?"

"வண்டி எதுவா வேணா இருக்கட்டும். என்னை மூட்டை மாதிரி யாரும் தூக்கப்படாது. நானே ஏறணும், நானே இறங்கணும். அது முடியும்னா இருக்கேன். முடியாதுன்னா என்னைத் தடுக்கப்படாது."

"ஷெரி" என்றார் என் கணவர். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலையில் அக்கா துடைப்பத்திலிருந்து நேரான ஈர்க்குச்சி ஒன்றை உருவச் சொன்னார். நாற்காலியில் தாம் அமரும் மெத்தையின் மேல்மட்டம் வரை தரையிலிருந்து அளந்து, அந்த இடத்தில் குச்சியை ஒடித்தார். "இதுதான் என்னோட அளவு. இதைவிட உசரமான சீட்னா என்னாலே ஏற முடியாது. தாழ்ந்ததுன்னா உள்ளே போய்டுவேன், வெளியே வர முடியாது." தம்பியின் கையில் அதைக் கொடுத்தார். நகரத்தின் ஷோரூம்கள் எல்லாவற்றிலும் அந்த ஈர்க்குச்சி எங்களோடு வந்தது.

அந்த நாள்களில் எல்லோரும் உயரமான வண்டிகளையே விரும்பினார்கள். விற்பனைக்கு நின்ற இளைஞர்கள் எங்களுக்கு அவற்றையே காட்டினார்கள். என் கணவர் கதவைத் திறந்து, குனிந்து, ஈர்க்குச்சியை இருக்கைக்குப் பக்கத்தில் நிறுத்துவார். குச்சி இருக்கையை எட்டாமல் பாதியில் நின்றுவிடும். ஓரிடத்தில் ஓர் இளைஞன் எங்களோடு வீடுவரை வண்டியைக் கொண்டுவந்து காட்டினான்.

"மேடம், நல்ல ரோட் பிரசன்ஸ் உண்டு, எல்லாரும் திரும்பிப் பார்க்கும்" என்றான் அக்காவிடம்.

"பிரசன்ஸ் ரோட்டிலே இருந்து எனக்கு என்ன பிரயோஜனம் மோனே? சீட்டிலே நான் ஆப்சென்ட் ஆக்கும்."

அவன் நல்லவன், மனம்விட்டுச் சிரித்தான். அடுத்து ஏழு பேர் அமரும் வண்டி ஒன்றைக் காட்டினான். கடைசி வரிசையை நிமிர்த்தினால் நாற்காலி வைக்க இடமில்லை. மடக்கினால் அது ஏழு பேர் வண்டி இல்லை. டிக்கி தனியாக நீளும் சாதாரணக் காரில் இருக்கை குச்சியோடு சரியாகப் பொருந்தியது. ஆனால் டிக்கியின் வாய் சிறியது. என் கணவர் நாற்காலியைச் சாய்த்தும் திருப்பியும் கவிழ்த்தும் பார்த்தார். ஒரு சக்கரம் எப்போதும் வெளியே நின்றது.

பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மகன்தான் கடைசியில் வழி சொன்னான். "அந்தக் காரோட உயரமே போறும்ப்பா. ஆனா கூரை டிக்கி முடியற வரைக்கும் நீண்டிருக்கணும். பின்பக்கம் பூரா ஒரே கதவு. அதுக்குப் பேர் எஸ்டேட் கார். இப்போ புதுசா இங்கே யாரும் விக்கறதில்லை. பழசுதான் தேடணும். சின்னதாப் பாத்தா நம்ம தெருவுக்குள்ளேயும் திரும்பும்."

"எஸ்டேட் காரா?" என்றார் அக்கா. "நமக்கு ஏதுடா எஸ்டேட்? கொல்லையிலே நிக்கறது ஒரே ஒரு தெங்கு."

பழைய வண்டி வாங்கி விற்கும் தரகர் ஒருவரிடம் என் கணவர் தொலைபேசியில் சொன்னார். அவர் பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவார். ஒரு வாரத்தில் அழைத்தார். "சாரே, எஸ்டேட் வண்டி கிட்டியாச்சு. விதுராவுல கிடக்கு. சொந்தக்காரர் நம்ம ஆளு, தமிழ்தான். ஒண்ணும் பேடிக்கண்டா, பயமே வேண்டாம், நல்ல கண்டிஷன்."

விதுரா என்ற பெயரைக் கேட்டதும் அக்கா, "நானும் வரேன்" என்றார். "வண்டி சரிப்படலைன்னா, திரும்பற வழியிலே ஹோமையும் பாத்துட்டு வந்துடலாம்."

பழைய காரில் எதிர்வீட்டுக்காரர் ஒருபுறமும் என் கணவர் ஒருபுறமுமாக அவரைத் தூக்கி வைத்தார்கள். அக்கா வழக்கம்போலக் கண்களை மூடிக்கொண்டார். என் மகன் முன்னால் ஏறிக்கொண்டான், நான் பின்னால் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி நெடுமங்காட்டைத் தாண்டியது. இன்று மாலைக்குள் ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மடியில் ஈர்க்குச்சியை வைத்துக்கொண்டு நான் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

விதுராவில் ஒரு சரிவில் இருந்தது அந்த வீடு. வண்டியின் சொந்தக்காரர் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே காத்திருந்த தரகர் முன்னால் ஓடிப்போய்த் தார்ப்பாயை உருவினார்.

அடியில் நின்றது ஒரு ஜீப். பச்சை நிறம், சேற்றில் உழன்ற சக்கரங்கள், கூரைக்குப் பதில் கித்தான்.

என் கணவர் ஜீப்பையும் தரகரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன இது?"

"எஸ்டேட் வண்டி சாரே! இருபது கொல்லம், இருபது வருஷம், எஸ்டேட்டுல மாத்திரம் ஓடின வண்டியாக்கும். வேற எங்கயும் போனதே இல்ல!"

"எந்தத் தேயிலைச் சரிவுலயும் ஏறுமுங்க" என்றார் சொந்தக்காரர் பெருமையுடன். "மழைக்காலத்துல நாங்க பத்துப் பேரு தொத்திக்கிட்டு வருவோம்."

என் கணவர் என்னிடமிருந்து ஈர்க்குச்சியை வாங்கி, மரியாதைக்காக ஜீப்பின் பக்கத்தில் நிறுத்தினார். கால் வைக்கும் படியை ஒரு சாண் தாண்டி அது நின்றது. இருக்கை இன்னும் எங்கோ மேலே இருந்தது.

காருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா அழுகிறார் என்று நினைத்து நான் ஓடினேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இதிலே நான் ஏறணும்னா ஒரு ஆனையும் ஒரு ஏணியும் வேணும்டா! ஆனைமேலே ஏறறதுக்குத்தான் ஏணி!"

என் மகன் விஷயத்தை விளக்கியதும் தரகர் தலையில் கையை வைத்துக்கொண்டார். எழுத்தரும் சிரித்தார். அவருடைய மனைவி எங்களுக்குப் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தார். அக்காவுக்குக் கார் ஜன்னல் வழியே கொடுத்து, அங்கேயே நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சொன்ன ஒன்று என் காதில் விழுந்தது: "ஜீப்புல ஏற நானும் இருபது வருசம் பயந்தவதாங்க. ஒரு தடவகூட ஒழுங்கா ஏறினதில்ல."

திரும்பும் வழியில் அந்த ஹோமின் வாசலில் பெயர்ப்பலகை தெரிந்தது. என் கணவர் வேகத்தைக் குறைத்து, பின்னால் திரும்பாமலே கேட்டார்: "அக்கா?"

"இன்னிக்கு வேண்டாம். சிரிச்சு சிரிச்சு வயத்தை வலிக்கிறது. நேராப் போ."

என் கணவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். அவருடைய தோள்கள் தளர்ந்ததைப் பின்னிருக்கையிலிருந்து நான் பார்த்தேன்.

தரகருக்கு அது மான விஷயமாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து உண்மையான எஸ்டேட் கார் ஒன்றை அவரே எங்கள் வாசலுக்கு ஓட்டிவந்தார். வெளிறிய சாம்பல் நிறம். சாஸ்தமங்கலத்தில் ஒரு தம்பதி தங்கள் இரண்டு நாய்களைக் கூட்டிப்போவதற்காக வைத்திருந்த வண்டி. நாய்களின் காலம் முடிந்ததும் அவர்கள் விற்க முன்வந்தார்களாம். பின்கதவைத் திறந்தால் தரை சமமாக, தாழ்வாக இருந்தது. மூலைகளில் இன்னும் ரோமம் இருந்தது.

"நாய் ஏறின வண்டியா?" என்றார் பக்கத்து வீட்டு மாமி, மூக்கின்மேல் விரலை வைத்து.

"ஆமாம் மாமி" என்றார் அக்கா. "அதுகளை யாரும் தூக்கி ஏத்தலை, பாத்தேளா. தானே ஏறியிருக்குகள்."

என் கணவர் முன்கதவைத் திறந்து ஈர்க்குச்சியை நிறுத்தினார். குச்சியும் இருக்கையும் ஒரே மட்டத்தில் நின்றன. அக்கா நாற்காலியை அருகே உருட்டிவந்து, பலகையை வைத்தார். தெரு வழக்கம்போல வாசலுக்கு வந்திருந்தது. ஆனால் இந்த முறை யாருக்கும் யோசனை சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா கைகளை ஊன்றினார், ஒருமுறை நகர்ந்தார், மறுமுறை நகர்ந்தார். பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, பலகையை உருவி மடியில் வைத்தார். நான் நாற்காலியைப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போனேன். முன்சக்கரங்களை விளிம்பில் வைத்துத் தள்ளினேன். அது தானாக உள்ளே போயிற்று.

"கதவைச் சாத்து" என்றார் அக்கா. கண்களைத் திறந்துதான் வைத்திருந்தார்.

அன்று முதலில் போனது சங்குமுகம் கடற்கரைக்கு. மணல் ஒட்டுவதைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பொது நூலகம், உறவினர் கல்யாணங்கள், நவராத்திரிக் கச்சேரிகள், ஒரு மழை நாளில் பொன்முடி அடிவாரம். ஹோம் பற்றிய பேச்சு அதன்பின் எழவே இல்லை. நானும் அந்த வண்டியிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசன்ஸ் தேர்வில் 'எச்' எழுத்தின் வடிவில் வண்டியை ஓட்டிக் காட்டும்போது கம்பியைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்த நாளில், "எஸ்டேட்டுக்கு நீளம் ஜாஸ்தி, உம்மேலே தப்பில்லை" என்று அக்கா என்னைத் தேற்றினார். அது சின்ன வண்டிதான், அவருக்கும் தெரியும். ஓட்டுநர் பள்ளியின் காரில்தான் நான் 'எச்' போட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

பிள்ளைகள் படித்து வெளியூர்களுக்குப் போனார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் கணவர் நோயில் விழுந்தார். கால்கள் வலுவிழந்த பிறகு, சிகிச்சைக்குப் போகும் நாள்களில் அவரும் அதே முன்னிருக்கையில்தான் ஏறினார், அதே பலாப் பலகையின் மேல். அக்கா தம் நாற்காலியில் அமர்ந்தபடி தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்: "அவசரப்படாதே. கையை ஊனு. இப்போ நகரு. பாத்தயா, யாரும் வேண்டாம்." கடைசி வரை அவரை யாரும் தூக்கி அந்த வண்டியில் வைக்கவில்லை. அதற்காக அந்த வண்டிக்கும், பலகைக்கும், இருவருக்கும் ஏற்ற மட்டத்தைக் காட்டிய ஒரு துடைப்பக் குச்சிக்கும் நான் நன்றி சொல்லாத நாள் இல்லை.

ஈர்க்குச்சி வண்டியின் முன்பெட்டியில் இன்னும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் நூலகத்துக்குப் போகிறோம். அக்கா பலகையை வைத்து ஏறிக்கொள்கிறார். நான் நாற்காலியைப் பின்னால் உருட்டி ஏற்றிவிட்டு வந்து வண்டியை எடுக்கிறேன். இந்த வீட்டில் இப்போது நாங்கள் இருவர் இருக்கிறோம்.