இறங்க மறுத்த சீட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மலைநாட்டில் ஹாலிஎல ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவச்சியாக வேலை பார்த்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் போய்வர ஒரு லேடிஸ் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். எனக்கு முன் அதை ஓட்டியவர் நல்ல உயரம். நானோ குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டாது.

சீட்டை இறக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் சீட்டுக் கம்பி குழாய்க்குள் துருவேறி இறுகிப்போயிருந்தது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மண்ணெண்ணெய் விடச் சொன்னார். விட்டேன், சேலையெல்லாம் நாற்றம்தான் மிச்சம். இன்னொருவர் வெந்நீர் ஊற்றச் சொன்னார். அதையும் செய்தேன். யோசனை சொல்ல ஆள் வராத நாளே இல்லை. நான் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் சீட்டைக் கழற்றிவிட்டு, சைக்கிளைத் தலைகீழாக்கி, கம்பியை மேசையில் பூட்டியிருந்த இரும்பு இடுக்கியில் இறுக்கினார். குழாயைச் சுத்தியலால் தட்டினார். தேத்தண்ணீர் குடித்தார். மறுபடி தட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம்.

"பனிக்குடம் ஒடைஞ்சிருச்சுங்கம்மா. சீக்கிரம் வாங்க," என்றார்.

மெக்கானிக்கோ, "கொஞ்சம் பொறுங்கம்மா, இந்தா முடிஞ்சிரும்," என்று இன்னொரு தட்டுத் தட்டினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "தட்டினது காணும், விடுங்கோ. சீட்டே வேண்டாம், நிண்டுகொண்டே ஓட்டிப் போறன்," என்று ஹாண்டிலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். கம்பி இடுக்கியில் மாட்டியிருப்பதே ஆத்திரத்தில் மறந்துபோயிற்று. கிரீச்சென்ற சத்தத்தோடு சைக்கிள் அந்தக் கம்பியைச் சுற்றித் திரும்பியது.

மெக்கானிக் வாயைப் பிளந்தார். அத்தனை நாளும் எல்லோரும் கம்பியைத்தான் அசைக்கப் பார்த்தோம். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்ப யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அவரும் சேர்ந்து திருப்பினார். கம்பி உருவிக்கொண்டு வந்தது. கிரீஸ் தடவி, சீட்டை மாட்டித் தாழ்வாக இறக்கிக் கொடுத்தார். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே பறந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் தலை தெரிந்தது. கழுத்தில் தொப்புள்கொடி இறுகச் சுற்றியிருந்தது. அதை விடுவித்து எடுத்தபோது பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. முதுகைத் தேய்க்கத் தேய்க்க, ஒருவழியாக வீறிட்டது. நடந்து போயிருந்தால் அந்த அழுகையைக் கேட்டிருக்கமாட்டேன்.

பிரசவ வலியில் துடிப்பவளிடம் "பொறு பிள்ளை" என்று ஆயுள் முழுக்கச் சொன்னவள் நான். ஆனால் என்னிடம் யாராவது பொறுக்கச் சொன்னால், எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று கேட்காமல் இன்றுவரை நான் பொறுத்ததில்லை.