நாக்குக்கு அடியில்

மகளின் பரிசோதனை முடிவு வர வேண்டிய வாரம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த அடுப்பையே துடைத்தேன். காய்ந்த துணியை மறுபடி அலசிப் போட்டேன். போன் அடித்தால் ஓடுவேன். எடுத்தால் எவனோ இன்சூரன்ஸ் விற்கிறவன். அவனை வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

எனக்குக் காசநோய். வழக்கமான மருந்துக்கு அடங்காத வகை. பாசிர் பெனம்பாங் மீன்பிடிக் கிராமத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தவள், கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் அடைந்து கிடந்தேன். புது மருந்தில் தோல் வேறு கருத்துவிட்டது. “பாவம், மொத மருந்து கேக்கல” என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மகளும் அதைத்தான் நம்பினாள். நானும் ஆமாம் போட்டேன், வெட்கங்கெட்டவள்.

நடந்தது வேறு. முதல் தடவை நோய் வந்தபோது, குணமாக வேண்டும் என்று முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கிய அன்று நாத்தனார் ஒரு குண்டைப் போட்டாள்.

“அண்ணி, அந்தக் கேப்சூல் கூடு மாட்டுத் தோல்ல செய்யிறதுலா. அதத் தின்னுட்டா பால்குடம் தூக்கப் போறீங்க?”

கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அங்கே மருந்து கொடுக்கும் நர்ஸ் மிஸி திட்டுவாளே என்று கேட்கவில்லை. அந்தக் கேப்சூல் மட்டுமில்லை, எந்த மாத்திரையில் எது இருக்கோ என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

நான் மருந்து முழுங்குவதைத் தினமும் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போடும் பொறுப்பைக் கிளினிக்கில் மகளிடம் கொடுத்திருந்தார்கள். பதினேழு வயது. பள்ளிச் சீருடையோடு என் எதிரே நிற்பாள். மாத்திரையை ஒவ்வொன்றாக நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்து, வாயைத் திறந்து காட்டுவேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடியதும் கொல்லைப்புறக் கால்வாயில் துப்புவேன். சில நாள் பாதி கரைந்து உள்ளே போயிருக்கும். மருந்தால் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்த சிறுநீர் பழைய நிறத்துக்கு வந்தது. விரதத்தில் உடம்பு சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி!

பால்குடம் எடுத்த பிறகு ஒழுங்காக முழுங்கினேன். ஆனாலும் இருமல் திரும்பி வந்தது. அரைகுறையாக உள்ளே போன மருந்துக்குக் கிருமி பழகிவிட்டிருந்தது. சில மாதத்தில் மகளும் இருமத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை மிஸி கூப்பிட்டாள். “அக்கா, மகளுக்கும் இருக்கு. உங்களுக்கு வந்த அதே வகைதான். பயப்படாதீங்க, மருந்து இருக்கு.”

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரத்தில் அன்றுதான் உட்கார்ந்தேன். என் பிள்ளைக்கு நானே கொடுத்த நோய்.

வார நாட்களில் எங்கள் இருவருக்கும் கிளினிக்கில் மருந்து. சனி, ஞாயிறு வீட்டில் நான்தான் அவளைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் சனிக்கிழமை முழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

“நாக்கத் தூக்கு,” என்றேன்.

“என்னம்மா, போலீஸ் மாதிரி? அங்க யாருலா ஒளிச்சு வைப்பா?” சிரித்தாள்.

“நான் வச்சேன். விரதம் பூரா.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப நான் போட்ட கையெழுத்தெல்லாம்?”

அவள் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒன்றும் இல்லை.