அம்மன் பார்வையில் ஒரு பாஸ்போர்ட்

ஒரே பயணத்துக்கு இரண்டு இன்ஷூரன்ஸ் எடுத்தவள் நான். ஒன்று, கம்பெனியில். பணம் கட்டிய கையோடு பாலிசி போனுக்கு வந்துவிட்டது. இன்னொன்று, கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை மாரியம்மன் கோயிலில். அது என் வீட்டுக்காரரின் ஏற்பாடு.

ஷார்ஜாவில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அவள்தான் இங்கே வந்திருக்க வேண்டும். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்வீடே கிளம்பிப் போவதென்று முடிவாயிற்று... தாய்வீடு என்றால் நான். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. அங்கே வேறு ஆளில்லை. "அம்மா, வலி வர்றதுக்கு முன்னால வந்துருவீல்ல?" என்று தினமும் போனில் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து விமானம்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் அம்மன் காலடிக்குப் போகும். வண்டிச் சாவி, கல்யாணப் பத்திரிகை, பரீட்சை ஹால் டிக்கெட்... பாஸ்போர்ட்டை மட்டும் விட்டுவிடுவார்களா? செவ்வாய்க்கிழமை அதை மஞ்சள் பையில் போட்டு, தேங்காய் பழத்தோடு தட்டில் வைத்துப் பூசாரியிடம் கொடுத்தோம். கோயிலில் நிற்க இடமில்லை. தீபாராதனை முடிந்ததும் பூசாரி ஒரு தட்டை நீட்டினார். பையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

பிரித்துப் பார்த்தால் — உள்ளே ஒரு ஜாதகம்.

செந்தில்குமார். மகம் நட்சத்திரம், சிம்ம ராசி. ஊரும் இல்லை, போன் நம்பரும் இல்லை. யாரோ மகனுக்குப் பெண் தேடப் புறப்படும் முன் அம்மனிடம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடையதும் மஞ்சள் பைதான். கல்யாண வீடுகளில் தேங்காய் போட்டுக் கொடுப்பார்களே, அதே பை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாதகக் கட்டங்களை ஆராய்ந்தார். "ஏழாமிடம் சுத்தமா இருக்குது புள்ள. நல்ல பையன்." இந்த மனிதரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்துவதற்கே எனக்குத் தனியாக ஒரு பாலிசி போட்டிருக்க வேண்டும்.

கோயிலுக்கு ஓடினோம். பூசாரி கையைப் பிசைந்தார். "கூட்டமுங்க அம்மிணி. ஆரு தட்டு எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? பிரிச்சுப் பாத்தாங்கன்னா அவங்களே கொண்டாந்துருவாங்க."

நியாயம்தான். ஒரு பையைப் பிரித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் மதியம் வரை ஒருவரும் வரவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டேன். எடுத்த இளைஞர் மிக மரியாதையானவர்.

"பயணம் எப்ப ஆரம்பிச்சுது மேடம்?"

"இன்னும் ஆரம்பிக்கலைங்க."

"அப்ப கவரேஜும் ஆரம்பிக்கலை மேடம். பாஸ்போர்ட் வெளிநாட்டுல தொலைஞ்சாதான் எங்க பாலிசியில வரும்."

ஆக, தொலைப்பதென்றால் ஷார்ஜாவில் போய் இறங்கி, முறையாகத் தொலைக்க வேண்டும். சொந்த ஊரில் அவசரப்பட்டுத் தொலைப்பவர்களுக்கு அனுதாபம் மட்டுமே. அதையும் அவர் குறைவில்லாமல் தந்தார். இருந்தாலும் பதிவு செய்துகொள்ள ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"தொலையும்போது அது யாரோட பார்வையில இருந்துச்சு மேடம்?"

"மாரியம்மன் பார்வையிலங்க."

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம். "அன்அட்டெண்டட்னு, அதாவது யார் பார்வையிலயும் இல்லைன்னு, போட்டுக்கறேன் மேடம்."

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். "ஆரெயெங்கிலும் சம்சயமுண்டோ சேச்சி?" என்று கேட்டார் எழுதியவர். யார் மேல் சந்தேகப்படுவது? செந்தில்குமார் மேலா, பூசாரி மேலா? அம்மன் மேல் புகார் கொடுத்துவிட்டு இந்த ஊரில் நான் குடியிருக்க முடியுமா? தொலைந்துபோனதாகவே எழுதி வாங்கிக்கொண்டேன். புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டதில், அவசரப் பிரிவில் வெள்ளிக்கிழமை காலை பாலக்காட்டுக்கு வரச் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் வாசலில் வழி மறித்தார். "இன்னிக்கு ஒரு நாள் பொறு புள்ள. வெள்ளிக்கெழம. அம்மன் கைவிட மாட்டா."

"உங்க அம்மன்கிட்ட குடுத்துத்தானுங்க இப்ப இந்த அலைச்சல்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கோபம். மகளின் குரல் வேறு காதிலேயே இருந்தது.

கவுண்டரில் இருந்த அதிகாரி நல்லவர். பழையதை ரத்து செய்துவிட்டால் பிறகு கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்ய முடியாது, விசாவும் புதிதாக எடுக்க வேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள் என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். நான் எங்கே யோசித்தேன்? "அது கெடைக்காதுங்க சார். ரத்து பண்ணிருங்க." அவர் ஒரு பட்டனைத் தட்டினார். அவ்வளவுதான்.

சாயங்காலம் விளக்கு வைத்துக்கொண்டிருக்கும்போது பூசாரியின் போன். "அம்மிணி, கெடைச்சிருச்சுங்க."

கோயிலில் வேலந்தாவளத்துத் தம்பதி ஒன்று பையோடு காத்திருந்தது. செந்தில்குமாரின் அப்பா, அம்மா. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க அக்கா. அம்மன் காலடியில வெச்சத வெள்ளிக்கெழம வெளக்குப் பத்த வெச்சுட்டுத்தான் பிரிப்போமுங்க. அதுவரைக்கும் ஆரும் தொட மாட்டமுங்க. எங்க ஊட்டு வழக்கம்."

அவரை என்னவென்று திட்டுவது? நான்கூட அதை அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. பூஜை அறையில், பூ வைத்து, தினமும் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். பையின் மேல் குங்குமம். பாஸ்போர்ட்டில் ஒரு கசங்கல் இல்லை. வெளிநாடு மட்டும் போகாது.

என் வீட்டுக்காரர் அதைக் கண்ணில் ஒற்றி என்னிடம் நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை விமானம் என் இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டு போயிற்று. செவ்வாய்க்கிழமை மகளுக்கு வலி எடுத்தது. புது பாஸ்போர்ட் இன்னும் வந்தபாடில்லை. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் கேன்டீனுக்கும் தனியாக ஓடினார். நான் இங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இதற்கெல்லாம் எந்த பாலிசியிலும் இழப்பீடு கிடையாது.

பேத்தி பிறந்தாள். வீடியோவில் காட்டினார்கள். துணிக்குள் சிவப்பாக, என் மாமியாரின் மூக்கோடு. மகள் களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. "பாஸ்போர்ட் கெடைச்சுதாம்மா?" என்றாள்.

"அது வெள்ளிக்கெழமையே வந்துருச்சு கண்ணு. அம்மாதான் வரலை."