சயானிலிருந்து முலுண்ட் வரை ஒரு சண்டை

மாமியார் மோரியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வீட்டு மூலையில் குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஒதுக்கிய இடத்தைத்தான் தாராவியில் மோரி என்போம். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்த அன்றைக்கே என் கணவர் ஊரிலிருக்கும் தன் அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டார்: "கவலப்படாதிய. அவ இந்த மாசத்தோட வேலைய விட்டுருவா." அவ என்றால் நான். அடுப்புப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய தோல் பட்டறை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் இருக்கிறது. டீ குடிக்க அவர் எத்தனை தடவை வெளியே வருகிறார் என்று சந்துக்கே தெரியும். நான் ரயிலேறி முலுண்டுக்குப் போய் ஒரு பல் டாக்டரின் ரிசப்ஷனில் உட்காருகிறேன். சின்ன வேலைதான். ஆனால் நானே தேடிப் பிடித்த வேலை.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பத்துக்குப் பத்து அடி ஒற்றை அறைக் கோலியில் எங்கே சண்டை போடுவது? கட்டிலில் மாமியார் கிடக்கிறார். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி இருக்கிறாள். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் மற்ற வீடுகளில் டிவி சத்தம் குறையும். சீரியலைவிட இது சுவாரசியம்.

அதனால் என் கோபத்தையெல்லாம் ரயிலில் கொட்டினேன். சயானில் லேடீஸ் பெட்டியில் ஏறியதும் செம்பூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போடுவேன். ஹிந்தியில் பேசினால் குரலை அடக்கிக்கொள்வோம். தமிழ் என்றால் பம்பாயில் நம் எல்லோருக்கும் ஒரு தைரியம், யாருக்குப் புரியப்போகிறது என்று. முலுண்டு போகிற வண்டியில் பாதி நம் ஆட்கள் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

"மூச்ச இழுத்து விடுக்கா. பத்து வரைக்கும் எண்ணு" என்பாள் தங்கை.

"பத்து எண்ணுறதுக்குள்ள அவரு மிச்சப் பேருக்கும் போன் போட்டுச் சொல்லிருவாருட்டி!"

ஒரு நாள் போனை வைத்ததும் எதிர் சீட்டுக்காரி முன்னால் சாய்ந்தாள். தினமும் மாட்டுங்காவில் ஏறி வருகிறவள், என் வயதுதான் இருக்கும். "தப்பா நினைச்சுக்காதீங்கோ. இதையெல்லாம் உங்க ஆத்துக்காரர்கிட்ட ஒரு தடவையாவது சொன்னேளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இத்தன நாளா ஒட்டுக் கேட்டியளா?"

"ஒட்டுக் கேக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்க பேசறது கதவு வரைக்கும் கேக்கறது."

முலுண்டில் இறங்கியும் ஆத்திரம் அடங்கவில்லை. பல் வலியோடு வந்த ஒருவரிடம் எரிந்து விழுந்தேன். இவள் யார் என்னைக் கேட்க? மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போதுதான் உறைத்தது. அவளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. குக்கரில் ஆவி போக்குகிற மாதிரி தினமும் ரயிலில் போக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் அவருக்குச் சிரித்த முகத்தோடு சோறு போட்டிருக்கிறேன். இப்படியே போனால் மாசக் கடைசியில் சிரித்துக்கொண்டே வேலையையும் விட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்தவரைச் சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை.

"யாரக் கேட்டு ஒங்க அண்ணங்கிட்ட அப்படிச் சொன்னிய?"

"ஏட்டி, மெதுவா பேசு. பக்கத்துக் கோலிக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! டீ குடிக்க வரத் தெரியுது, பெத்த தாய்க்கு மத்தியானம் சோறு போட வரத் தெரியாதோ? நான் வேலைய விடமாட்டேன்."

பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. அதற்கடுத்த வீட்டிலும் குறைந்தது. கட்டிலில் கிடந்த மாமியார் மெல்லக் கையை நீட்டி ரிமோட்டை எடுத்து எங்கள் வீட்டு டிவியையும் குறைத்தார்.

என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் அம்மாவுக்குச் சோறு போட மத்தியானம் பட்டறையிலிருந்து வருகிறார். "தட்ட நங்குன்னு வைக்கான்" என்றார் மாமியார். "வச்சா வச்சுட்டுப் போறான். நீ ரயிலப் பிடி."

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் இப்போது ரயிலில் யாருக்கும் போன் போடுவதில்லை. கோபத்தை வீட்டுக்கே கொண்டுபோகிறேன்.