அட்டிகை போடும் நாள்

நாராயணவனத்துக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் இரும்புப் பெட்டி கிடையாது. அம்சவேணி இருந்தாள்.

கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் கோவர்த்தனன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். அண்ணன் மனைவி தாட்சாயணியின் நகைகள், பங்காளி வீட்டு மருமகள்களின் நகைகள் எல்லாம் அவள் அறையில் இருந்த மரப்பெட்டியில்தான் கிடந்தன. தாலியறுத்தவள் கையில் நகை இருந்தால் தங்கம் மண்ணுக்குள் இருக்கிற மாதிரி என்று ஊரில் சொல்வார்கள். போட்டுக்கொள்ள முடியாதவளுக்கு ஆசை வராதாம். ஒருத்தியின் கழுத்தைக் காலியாக்கிவிட்டு, அந்தக் காலிக் கழுத்தையே பூட்டாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவளுக்கு ஆசை இல்லை என்று யார், எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தார்கள்?

பெட்டிக்குள் அவளுடைய அட்டிகை ஒன்றும் இருந்தது. சிவப்புக்கல் பதித்தது. அவள் நைனா அவள் கல்யாணத்துக்காகச் செய்து போட்டது. பண்டிகை நெருங்கும்போது எல்லா நகைகளையும் பூந்திக்கொட்டை நீரில் கழுவித் துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. மற்ற நகைகளை முற்றத்தில் உட்கார்ந்து கழுவுவாள். அட்டிகையைக் கழுவும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள். ஈரம் போகத் துடைத்துக் கழுத்தருகே கொண்டுபோவாள். கொக்கியை மாட்டமாட்டாள். மாட்டிவிட்டால் கழற்ற மனம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லைத் தகராறு ஓயாமல் கிடந்த வருஷங்கள் அவை. ஊர் சித்தூரோடு நிற்குமா, மதராசோடு போகுமா என்று டீக்கடையில் தினமும் பேச்சு. அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் சம்பத் என்பவர் வீட்டில் கன்னம் வைத்து நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள் அது எந்த ராஜ்யத்துக் கோர்ட்டாக இருக்கும் என்று சொல்ல முடியாது என ஸ்டேஷனில் கையை விரித்துவிட்டார்கள். கோவர்த்தனன் பயந்துபோனார். சித்தூரில் நகைக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்ட் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தன் வீட்டு நகைகளை மதிப்புப் போடக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார்.

எப்படிக் கொண்டுபோவது? திருப்பதிக்குப் போகும் கூட்டத்தோடு முடிச்சவிழ்ப்பவர்களும் பஸ் ஏறுகிற பாதை அது. மூட்டையாகக் கட்டினால் கண்ணை உறுத்தும். யாராவது போட்டுக்கொண்டு மேலே முந்தானையால் மூடிக்கொண்டு வருவதுதான் பத்திரம். தாட்சாயணி நிறைமாதம். மிச்சம் இருந்தது அம்சவேணி.

எந்தச் சாத்திரம் அவள் பொன் பூணக்கூடாது என்று சொன்னதோ, அது அண்ணனுக்குச் சௌகரியம் என்றதும் வாயை மூடிக்கொண்டது. சாத்திரங்களுக்கு இது வழக்கம்தான்.

புத்தூரில் பஸ் மாறினார்கள். கார்வேட்டி நகரம் தாண்டும்வரை அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிறகு காற்றில் அது சற்று நழுவியது. எதிர் சீட்டில் இருந்த தெலுங்குக்காரி ஒருத்தி அட்டிகையைப் பார்த்து, கல் நல்ல கல் என்று சொல்லி, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். அம்சவேணி சிரித்தாள். அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஏஜெண்ட் வெங்கடரமணன் நிதானமான மனிதர். பெட்டியில் கிடக்கும் நகைக்குக் கட்டணம் குறைவு, போட்டுக்கொண்டு வெளியே போகும் நகைக்கு அதிகம் என்று விளக்கினார். ஒவ்வொரு நகையாக எடுத்து, சொந்தக்காரர் யார், போடுவது யார் என்று கேட்டு எழுதினார். எல்லாவற்றுக்கும் கோவர்த்தனன் தாட்சாயணியின் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். அட்டிகைக்கும் அதையே சொன்னார்.

"அது என்னுது" என்றாள் அம்சவேணி.

கோவர்த்தனன் திரும்பிப் பார்த்தார். "உன்னுதுதாம்மே. யார் இல்லன்னாங்க? எழுதறதுக்கு ஒரு பேரு, அவ்ளோதான்."

"அந்தப் பேரு என் பேரா இருக்கட்டும்."

வெங்கடரமணன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். யாருக்குப் பொருள் போனால் நஷ்டமோ அவர் பேரில்தான் எழுத முடியும் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார். "பொட்டியில வைக்கறதாம்மா, போட்டுக்கறதா?"

அண்ணன் கனைத்தார்.

"போட்டுக்கறது."

அவர் அப்படியே எழுதினார். அந்த ஒரு நகைக்கான கட்டணத்தைத் தன் எருமைப் பால் விற்ற காசில் கட்டிக்கொள்வதாக அவள் சொல்லிவிட்டாள். அதனால் கோவர்த்தனனுக்கு மறுக்க வழி இல்லாமல் போயிற்று. ஆனாலும் திரும்பும்போது நாராயணவனம் தாண்டியதும் அவள் தானாகவே மற்ற நகைகளோடு அட்டிகையையும் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள். ஏஜெண்டிடம் வாய் திறந்தவளுக்கு ஊர்க்கண்களின் முன்னால் தெம்பு வரவில்லை. கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் கண்களைப் பழக்கியவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

மறுவருஷம் புதுப்பிக்கும் காலம் வந்தபோது பணத்தை மணியார்டரில் அனுப்பிவிடலாம் என்றார் கோவர்த்தனன். முடியாது என்றாள் அவள். போட்டுக்கொள்வதாக எழுதிய நகையை வருஷா வருஷம் சொந்தக்காரி போட்டுக்கொண்டு வந்து காட்டினால்தான் கம்பெனி ஒப்புக்கொள்ளுமாம். இப்படி ஒரு விதி எந்தக் கம்பெனியிலும் இல்லை. சித்தூரில் கோவர்த்தனன் அதைப் பற்றிக் கேட்டபோது வெங்கடரமணன் அம்சவேணியின் முகத்தைப் பார்த்தார். நேரில் பார்ப்பது நல்லதுதான் என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அவளுக்கு வருஷத்தில் ஒரு நாள் கிடைத்தது. அந்த நாளுக்காக ஒரு மாம்பழ நிறப் புடவையை மடித்து வைத்திருந்தாள். முதல் நாளே அட்டிகையைக் கழுவுவாள். நாராயணவனம் தாண்டிய பிறகு போட்டுக்கொள்வாள். திரும்பும்போது அதே இடத்தில் கழற்றுவாள். போகும் வழியில் தெரியாத பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளே பேச்சுக் கொடுப்பாள்.

எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மதராசுக்கும் இந்த ஊர் ஆந்திராவுக்கும் என்று ஆனது. அடுத்த வருஷம் அவர்கள் போனபோது வெங்கடரமணன் வேலையை விட்டு நெல்லூருக்குப் போய்விட்டிருந்தார். அவர் நாற்காலியில் ரங்கையா என்ற இளைஞர். பணத்தை வாங்கி ரசீது கொடுத்துவிட்டு, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், மணியார்டர் போதுமே, நகையைக் காட்ட வேண்டும் என்று விதியே கிடையாதே என்று ஆச்சரியப்பட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது கோவர்த்தனன் சொன்னார்.

"இத்தினி வருசமா ஏமாத்திக்கினு இருந்திருக்க."

"ஆமாண்ணா."

"இனிமே வரத் தேவையில்ல. கேட்டுக்கினியா? அவரே சொல்லிட்டாரு."

"நகைக்குத் தேவையில்ல" என்றாள் அம்சவேணி. "எனக்குத் தேவ இருக்குது."

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தாள்.

புத்தூரில் மாறிய பஸ் நாராயணவனத்தில் நின்றது, ஆட்களை இறக்கியது, கிளம்பியது. கோபுரம் பின்னால் போயிற்று. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் முன் சீட்டில் இருந்தார்கள். அவள் கை கழுத்துக்குப் போகும் என்று கோவர்த்தனன் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் வெளியே ஓடிய கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன.