குனிந்து நுழையும் வாசல்

அத்தையின் பண்ணைவீட்டுக்கு ஒரே வாசல். அதன் மேல்கட்டை என் தோள் உயரந்தான் இருக்கும். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து மாமாவின் தாத்தா அப்படிக் கட்டினாராம். யார் நுழைந்தாலும் தலைதான் முதலில் உள்ளே வரும்.

பண்ணை சாக்கோட்டைக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டி இருந்தது. சுற்றிலும் செம்பூரான்கல் சுவர்; அந்த ஒரே வாசல் அதில்தான். வடக்கே ஓட்டு வீடு, கிழக்கே தொழுவம், நடுவில் கிணறு, அதைத் தாண்டி வெறுந்தரையாகக் களம், களத்துக்கு அப்பால் வைக்கோல் படப்பு. மதுரையில் நர்ஸ் படிப்புக்குப் போனதிலிருந்து எந்த இடத்தையும் இப்படி வரிசைப்படுத்திப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சிறுமியாக அங்கே வளர்ந்தபோது ஒன்று மட்டும் தெரியும்: கிணறு ஒன்றுதான். மாமாவின் தம்பி பாகம் கேட்டார். கிணற்றைத் தன் பக்கம் வைத்து முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்ப வேண்டும் என்றார். அப்படி எழுப்பினால் மறுபாதியில் மாடுகூடத் தங்காது. மாமா மறுத்துவிட்டார்.

மாசியில், கதிரடிப்பு முடிந்த ஒரு பகலில், அந்தத் தம்பி ஆட்களோடு வந்தார். வாசலுக்கு வெளியே நின்ற மாமாவுக்கு முதல் வெட்டு விழுந்தது. முன்கை எலும்பு வெள்ளையாகத் தெரிய, உள்ளே ஓடிவந்து விழுந்தார். அத்தை கதவைத் தாழிட்டு, முந்தானையைக் கிழித்து அந்தக் கையை இறுகக் கட்டினாள். சுவருக்கு மேலாகத் தீப்பந்தங்கள் வந்து விழுந்தன. படப்பு பற்றிக்கொண்டது. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கதறின. கோடாலி கதவைப் பிளந்தது.

“மதினி, அண்ணனைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துருங்க. இல்லைன்னா வைக்கலோட வைக்கலா வெந்து போவீக!”

அத்தை உலக்கையோடு வாசல் ஓரம் சுவரை ஒட்டி நின்றாள்.

“வாங்க கொழுந்தனாரே, உங்க தாத்தா கட்டுன வாசல்தான? குனிஞ்சு வாங்க.”

அவர்தான் முதலில் குனிந்தார். பிடரி அவள் கைக்கு நேர்கீழே இருந்தது. உலக்கை இடது தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் நெருப்பின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. கனத்த உடம்பு வாசலை அடைத்துக்கொண்டு விழுந்தது. பின்னால் வந்தவர்களுக்கு வழியில்லை. அலற அலற அவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். படப்பு சாம்பலானது. களத்து வெறுந்தரையைத் தாண்டித் தீ வரவில்லை. வீடு நின்றது, கிணறும் நின்றது.

ஏன் தலையில் அடிக்கவில்லை என்று பின்னாளில் கேட்டேன். “அவரு பொண்டாட்டி தாலிய அறுக்கவா நான் உலக்கைய எடுத்தேன்?” என்றாள்.

போன மாதம் மாமா இறந்தார். சுவருக்கு வெளியே பாடை கட்டியாயிற்று. தூக்கப் பங்காளி வேண்டும். ஆள் அனுப்பாமலே மாமாவின் தம்பி வந்தார். அன்று உலக்கை இறங்கிய அதே வாசலில், உள்ளே நின்ற அத்தைக்கு முன்னால், தலையைக் குனிந்து நுழைந்தார். மாமாவை ஏந்தியவர்களும் குனிந்துதான் வெளியேறினார்கள். பாடையைத் தூக்க அவர் இடது தோளைக் கொடுத்தார். கோணலாகக் கூடிய எலும்பு தோலுக்கடியில் புடைத்திருந்தது.

வாசலுக்கு வெளியே வந்து நின்ற அத்தை சொன்னாள்: “அந்தத் தோளு தாங்காது. அங்குட்டு மாறி நில்லுங்க.”

அவர் மாறி நின்றார். பாடை நகர்ந்தது. அத்தை குனிந்து உள்ளே போனாள்.